முத்துச்சிப்பியின் முன் செருப்பைக் கழற்றியவர்

என் பெயர் பிளாரன்ஸ், வயது 43, கணவர் பெயர் ஹென்றி. முத்தையாபுரத்தில் மாதா சிலை வைத்த கெபிக்குப் பின்னால் உள்ள தெருவில் குடியிருந்து வருகிறேன். என் கணவர் தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்குத் தோணியில் போய்வருகிறவர். நான் திருச்செந்தூர் சாலையில் இருக்கும் முத்துக்கடல் கேளிக்கைப் பூங்காவின் பரிசுக் கடையில் பில் போடும் வேலை பார்க்கிறேன். உமாராணி என்பவரின் மோதிரம் காணாமல் போனது பற்றிக் காவல்துறையினராகிய தாங்கள் கேட்டதற்கு, நான் கண்ணால் பார்த்ததைப் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

எங்கள் கடை வாசலுக்குள் நுழைந்ததும் வலது பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு பைபர் முத்துச்சிப்பி நிற்கிறது. அதன் வாய் கை நுழையும் அளவுக்குத் திறந்திருக்கும். உள்ளே பந்து அளவில் ஒரு முத்தும் அதற்குள் பல்பும் உண்டு. பல்பு பீஸ் போய் வெகு நாளாகிறது. சிப்பி, ஆட்கள் நின்று போட்டோ எடுப்பதற்காக வைத்தது. ஆனால் திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வருகிறவர்கள்தான் எங்களுக்கு அதிகம், அவர்களில் யாரோ ஒருவர் அதன் வாயில் காசு போட்டிருக்கிறார், அதன் பிறகு அதைப் பார்த்து இன்னொருவர் போட்டிருக்கிறார், அதன் பிறகு மஞ்சள் துணியில் முடிந்து போட ஆரம்பித்துவிட்டார்கள்.

வேடிக்கை பார்ப்பது என் சுபாவம், அதை மறைக்கவில்லை. கூட்டமில்லாத நேரத்தில் செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்து யார் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண் எங்கள் கடையிலேயே பொம்மைத் தொட்டில் வாங்கினார், நான்தான் பில் போட்டேன், வாங்கிய கையோடு அதைச் சிப்பிக்குள் போட்டுவிட்டுப் போனார். இது சாமி இல்லை, பொம்மை என்று நான் சொன்னபோது, "ஒங்களுக்குப் பொம்ம, தாயி" என்று மட்டும் சொன்னார். போட்டோ எடுக்க வருகிறவர்கள் செருப்போடு நிற்பார்கள், வேண்டிக்கொள்ள வருகிறவர்கள் கழற்றிவிட்டு நிற்பார்கள் என்பதை அதன் பிறகு நானே கவனித்துத் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து முகத்தை விட்டுவிட்டு ஒவ்வொருவர் காலையும் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மதியம் உமாராணியும் அவர் கணவர் செந்தூர்பாண்டியும் பூங்காவின் அலைக்குளத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு கடைக்கு வந்தார்கள். மோதிரத் தட்டுகளைக் காட்டியது முருகேஸ்வரி. அந்தப் பெண் எங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்தவள், அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. உமாராணி ஒரு பாசிமுத்து மோதிரத்தைப் போட்டுப் பார்ப்பதற்காகத் தன் தங்க மோதிரத்தைக் கழற்றிக் கண்ணாடி மேசையில் வைத்தார். அதன் பிறகு இன்னொரு தட்டைப் பார்க்கத் திரும்பினார். அதன் பிறகு மோதிரம் அங்கே இல்லை.

உமாராணி, முருகேஸ்வரிதான் எடுத்தாள் என்று சொன்னார். எங்கள் கேமரா வாசல் கதவையும் பில் போடும் இடத்தையும் மட்டுமே பார்க்கும், மோதிர மேசை அதில் விழாது. மேனேஜர் விஜயராஜ் முருகேஸ்வரியின் பையை வாங்கி வைத்துக்கொண்டு, நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார், அதன் பிறகு தங்களுக்குப் போன் செய்தார். தாங்கள் வரும் வரை அவளைச் சிப்பிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்கள் யூனிபார்மில் நாங்கள் எதையும் ஒளித்துவிடக் கூடாது என்று பாக்கெட் வைத்துத் தைப்பதில்லை. தாங்கள் வந்து பெண் காவலர் சோதித்தபோது மோதிரம் கிடைக்கவில்லை. ஆனால் அவள் சட்டையில் பெயர் பேட்ஜ் இல்லாததை மேனேஜர் காட்டி, எதையோ செய்யப் போய்த்தான் கழன்றிருக்கிறது என்றார். பேட்ஜ் எங்கே என்று தாங்கள் கேட்டதற்கும் அவள் வாய் திறக்கவில்லை. அவளை ஜீப்பில் ஏற்றினால் பிறகு எந்தக் கடையிலும் அவளைச் சேர்க்க மாட்டார்கள்.

அப்போதுதான் செந்தூர்பாண்டியின் கால் எனக்கு ஞாபகம் வந்தது. மனைவி அந்த இன்னொரு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சிப்பியின் முன் கண்ணை மூடி நின்றார், செருப்பு இரண்டும் ஓரமாகக் கிடந்தன. நான் அதைத் தங்களிடம் சொன்னேன். சிப்பியின் பின்பக்கம் பல்பு மாற்ற ஒரு மூடி இருக்கிறது, திருகாணியைக் கழற்றினால் திறக்கும் என்றும் சொன்னேன். அதைக் கேட்டதும் செந்தூர்பாண்டி தரையில் உட்கார்ந்துவிட்டார். மூடியைத் திறக்கும் முன்பே அவர் சொன்னது இது.

"இவளுக்கு அடுத்த வாரம் மார்ல கட்டி ஆபரேசன். அந்த மோதிரத்த உண்டியல்ல போடுதேன்னு நேந்திருந்தேன். கோயில்ல கேட்டப்ப, அப்பா போட்டது, கழல மாட்டேங்குன்னு சொல்லிட்டா. இங்கன வந்து தானா கழண்டுச்சு. முருகனே கேக்கான்னு நெனச்சு எல்லாரும் போடுத எடத்துல போட்டுட்டேன்."

விரல் தண்ணீரில் ஊறியிருந்ததால் மோதிரம் கழன்றது என்று நான் நினைத்தேன், அதை அந்த நேரத்தில் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைத் திருடி என்று சொன்னபோது ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று தாங்கள் கேட்டீர்கள். வெளியே சொன்னால் நேர்ச்சை பலிக்காது என்று பயந்துவிட்டேன் என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, அவர் முகத்தைப் பார்த்தபின் அது நிலைக்கவில்லை. உமாராணி அவரிடம், "ஒரு பிள்ளைய என் வாயால திருடின்னு சொல்ல வச்சிட்டியளே" என்றார். அதன் பிறகு முருகேஸ்வரியின் கையைப் பிடிக்கப் போனார், அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு மேனேஜர் மூடியைத் திறந்தார். உள்ளே மஞ்சள் முடிச்சுகள், பொம்மைத் தொட்டில், யாரோ ஒரு மாணவரின் ஹால் டிக்கெட் நகல், ஒரு குழந்தையின் முடி எல்லாம் கிடந்தன. மோதிரமும் இருந்தது. அதை உமாராணி விரலில் போட்டுக்கொள்ள மறுத்து, திரும்பத் திருச்செந்தூருக்கே போய்த் தன் கையாலேயே உண்டியலில் போடுவதாகச் சொல்லி, புகாரையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். மேனேஜர் முருகேஸ்வரியை வழக்கம்போல வேலைக்கு வரச் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக விழுந்ததாக, முருகேஸ்வரியின் பேட்ஜ் கிடந்தது. தினமும் காலையில் அந்தச் சிப்பியைத் துணி போட்டுத் துடைப்பவள் அவள்தான், அது பைபர் என்று எங்கள் எல்லோரையும் விட அவளுக்கு நன்றாகத் தெரியும். பையை வாங்கி வைத்துவிட்டார்கள், சட்டையில் பாக்கெட்டும் இல்லை, அவளிடம் போடுவதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை. மேனேஜர் பேட்ஜை வெளியே எடுத்து நீட்டி மாட்டச் சொன்னபோது அவள் என்னிடம், "போட்டத எப்படிக்கா எடுக்க?" என்றாள். நான் என் பேட்ஜைக் கழற்றி அவளுக்குக் குத்திவிட்டேன். இப்போது கடையில் அவளை எல்லோரும் பிளாரன்ஸ் என்று கூப்பிடுகிறார்கள்.

மூடியைத் திரும்பப் பூட்டும் முன் அவள் பேட்ஜை இருந்த இடத்திலேயே வைத்தது நான். வைக்கும்போது என் காலில் செருப்பு இருந்ததா என்று தாங்கள் கேட்டதால் சொல்கிறேன், இல்லை.

இதில் எழுதியிருப்பதைத் தாங்கள் வாசிக்க நான் காது கொடுத்துக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டிச் சொன்னதும் இல்லை, மறைத்ததும் இல்லை.

(ஒப்பம்) ஹெ. பிளாரன்ஸ்