தண்ணிக்குள்ள எரிஞ்ச பந்தம்

டார்ச்சை அணைங்கடா... பேய்க் கதை கேக்க வந்துட்டு வெளிச்சம் வேற கேக்குதோ உங்களுக்கு?

நடுராத்திரி. செத்தவங்க திரும்பி வர்ற ஏழாம் மாசம். ஜின்ஷான் துறைக்குப் போற கடலோர ரோட்டுல ஒரு நாய்கூட இல்ல. ரெண்டே பேர் நடந்து போறாங்க. ஒருத்தர் ஆ-சியோங், நம்ம கூட்டாளி லியோங்-ஹுயியோட பெரியப்பா. கூடப் போறவன் கிம்-சுவான், அவர் பொண்டாட்டியோட தம்பி. கல்யாணம் நிச்சயமான பையன்.

ஆ-சியோங் படகுல பந்தம் பிடிக்கிறவர். கார்பைடு கல்லு மேல தண்ணி சொட்டும்... புஸ்ஸுன்னு வாயு கிளம்பும்... நெருப்பைக் காட்டினா, டப்! கண்ணு கூசும். மத்தி மீனெல்லாம் அந்த வெளிச்சத்தைப் பாத்துத் துள்ளும், வலையில அள்ளிக்கலாம். நாலு கல்லும் ஒரு வாளித் தண்ணியும் கையில இருந்தாப் போதும், சூரியனே தன் வீட்டு வேலைக்காரன்னு நினைப்பு அந்த மனுசனுக்கு. த்தூ.

அன்னிக்குத்தான் ஊர்ல காகித விளக்கு ஏத்திக் கடல்ல மிதக்க விட்டாங்க. தண்ணியில செத்தவங்க அதைப் பாத்துக் கரைக்கு வருவாங்க, படையலைச் சாப்பிட்டுப் போவாங்க. அந்த ராத்திரி எந்தப் படகும் பந்தம் கொளுத்தாது. இவருக்கு அதெல்லாம் இளக்காரம்.

"வெளிச்சத்துக்கு மீன் வரும். பொணமா வரும்? பயந்தாங்கொள்ளிப் பசங்க!"

பெரியம்மா வாசல்லயே மறிச்சிருக்காங்க. "நீங்க எக்கேடும் கெட்டுப் போங்க. என் தம்பிய விட்டுட்டுப் போங்க."

"போடி... உன் தம்பிய அப்படியே கொண்டாந்து ஒப்படைக்கிறேன்."

கடலுக்குப் போனாங்க. டப்! பந்தம் எரியுது. பூண்டு அழுகின மாதிரி அந்தக் கார்பைடு நாத்தம். ஆனா ஒரு மீன் துள்ளல. தண்ணி அசையக்கூட இல்ல... கண்ணாடி கணக்கா கெடக்கு.

கடுப்பாகி வாயுவை அடைச்சார். பந்தம் அணைஞ்சுது. ஒரே இருட்டு.

மேலதான் இருட்டு.

தண்ணிக்குள்ள தெரிஞ்ச பந்தம்... அது அணையல. நின்னு எரியுது. அதைப் பிடிச்சிருந்த கையும் அங்கயே இருக்கு. ஆ-சியோங் தன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டார். அந்தக் கை நகரல.

கிம்-சுவான் குனிஞ்சு பாத்தான். கீழேருந்து வெளிச்சம் அவன் மூஞ்சியில அடிக்குது. வாய் லேசாத் திறந்திருக்கு.

"அத்தான்... நம்ம பந்தத்தை யாரு பிடிச்சிருக்கா?"

அடியில... டப்!

யாரும் தள்ளல. யாரும் இழுக்கல. மத்தி மீன் துள்ளுமே, அதே மாதிரி துள்ளினான் அவன். கீழ்நோக்கி.

சூராதி சூரர் என்ன பண்ணினார்னு நினைக்கிறீங்க? துடுப்பை எடுத்தார். வீட்டுக்கு வந்துட்டார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல.

அந்தாளைப் பாவம்னு எவனாவது சொன்னீங்க... எந்திரிச்சுப் போயிடுவேன்.

இப்ப மலைப்பக்கம் குடியிருக்கார். வீட்ல விளக்கே ஏத்த விடமாட்டார். லியோங்-ஹுயி ஒரு ராத்திரி அங்க தங்கினான். பெரியம்மா ஒரு பேசின் நிறையத் தண்ணி கொண்டாந்து அவர் தலைமாட்டுல வச்சாங்களாம். தினமும் வைப்பாங்களாம்.

கொஞ்ச நேரத்துல பூண்டு நாத்தம் வந்திருக்கு. இவன் கண்ணைத் திறந்தான். வீடு பூரா கும்மிருட்டு... ஆனா கூரையில பெரியப்பாவோட நிழல் பெருசா விழுது. உள்ளேருந்து வெளிச்சம் அடிக்கிற பேசின் மேல குனிஞ்சு உக்காந்திருக்கார்.

பெரியம்மா பக்கத்துல உக்காந்து, அவர் எப்பத் துள்ளுவார்னு பாத்துக்கிட்டு இருக்காங்க.