பெயரில்லாத தீவு

போடியில் மதுரை ரயில் இன்னும் கிளம்பவில்லை. "அந்தத் தீவுக்குப் பேரே கெடையாதாம்ண்ணே" என்று எதிரில் இருந்த பெண் சொன்னதும் என் தூக்கம் போய்விட்டது. பிஜிப் பக்கம் தென்னந்தோப்பில் வேலை பார்க்கும் கணவனிடம் போகிறாள். கப்பலேற்றிவிட அண்ணன் கூட வருகிறார்.

"பேரில்லாம எப்படி பேச்சி?"

"அங்கிட்டுப் பூராம் தீவுகதானாம். பெருசுக்கெல்லாம் வெள்ளைக்காரன் பேரு வச்சிட்டானாம். இது குட்டித் தீவு. படத்துல வெறும் புள்ளிதானாம். அவுகதான் எழுதியிருந்தாக."

"அதுக்கா மொகத்தைத் தொங்கப் போட்டிருக்க? குரங்கணிக்கு மேல நம்ம ஏலக்காடு மட்டும் எந்தப் படத்துல இருக்கு? காட்டைத் திருத்துனதும் மொத உலை வச்சது நம்ம ஆத்தா. அதான் அவ பேருல அது மாரியம்மா காடு. நீயும் போயி மொத உலையை வையி. பேச்சியம்மா தீவுன்னு ஆயிரும்."

அவள் சிரித்துவிட்டாள். வண்டி நகர்ந்து, மலை பின்னால் போகும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கயும் சனங்க இருக்காகள்லண்ணே. அந்தப் பொம்பளைக எப்பவோ உலை வச்சிருப்பாக, பேரும் வச்சிருப்பாக. நம்மாளுக யாரும் கேட்டிருக்க மாட்டாக. நான் போனதும் கேட்டு ஒனக்கு எழுதுறேன்."