ஏழாம் வரிசை எட்டு, ஒன்பது

டார்லா: கோட்ட எடு வேட். நான் உக்காரணும்.

வேட்: இரு இரு… உனக்குத்தானே எடம் புடிச்சு வெச்சிருக்கேன். எட்டு உன்னுது, ஒன்பது என்னுது. மாத்தி உக்காந்துடாத.

டார்லா: நவம்பர்லேர்ந்து இதையே சொல்ற. எனக்குத் தெரியாதா?

வேட்: ஒரு தடவ தெரியாமப் போச்சே.

டார்லா: ஆரம்பிச்சிட்டியா…

வேட்: நான் ஒண்ணும் சொல்லலம்மா. இந்த சீசன் பூரா நம்ம பெல்மோர் காலேஜ் பசங்க சொந்த அரங்கத்துல தோத்தது ஒரே ஒரு ஆட்டம். அன்னைக்கு நீ எங்க உக்காந்திருந்த? அதோ, எதிர்ப்பக்கம். அந்தப் பல் டாக்டர் பக்கத்துல.

டார்லா: ஃபில் கூட ஒரே ஒரு நாள் உக்காந்தேன். அதுக்கு ஜனவரிலேர்ந்து என்ன வறுத்து எடுக்கற.

வேட்: ஒரு பாயிண்ட்ல தோத்தாங்க டார்லா. ஒரே ஒரு பாயிண்ட்.

டார்லா: உன் பிள்ள கடைசிப் பந்தக் கோட்டை விட்டதுக்கு நானா பொறுப்பு? சரி, பாப்கார்ன் எங்க?

வேட்: இடைவேளையில. ஒரே பை. அதுக்கு முன்னாடி வாங்கினா ராசி போயிடும்.

டார்லா: இந்த ஸ்வெட்டர இன்னைக்காவது தொவச்சியா?

வேட்: தொவைக்கறதா! இருபத்தஞ்சு வெற்றி ஒட்டிட்டிருக்கு இதுல.

டார்லா: வெற்றி மட்டுமா ஒட்டிட்டிருக்கு… காப்பி, கடுகு சாஸ், என்னென்னமோ. கொஞ்சம் தள்ளி உக்காரேன்.

வேட்: தள்ளினா நான் பத்துல இருப்பேன். கோப்பை ஆட்டத்துல போய் விஷப்பரீட்சையா?

டார்லா: அதோ ட்ரேவர் வர்றான்… ஏன் மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு? காலையில சாப்பிட்டானா?

வேட்: இருபத்திரண்டு வயசு டார்லா அவனுக்கு. ஆறடி அஞ்சங்குலம்.

டார்லா: அதனால பசிக்காதா? …ட்ரேவர்! இங்க! பாரு, பாக்காத மாதிரியே போறான்.

வேட்: பாத்துட்டான். காதத் தொட்டான் பாரு. நம்மளப் பாத்தா காதத் தொடுவான்.

டார்லா: …உனக்கு எப்படித் தெரியும் அது?

வேட்: நாலு மாசமா பாத்துட்டுத்தானே இருக்கேன்.

டார்லா: போன வருஷம் வரைக்கும் அவன் ஆடற ஒரு ஆட்டத்தையும் நீ பாத்ததில்ல.

வேட்: போன வருஷம் நான் வயோமிங்ல லாரி ஓட்டிட்டிருந்தேன்.

டார்லா: நாம பிரிஞ்சதுலேர்ந்து பத்து வருஷமா எங்கயோ ஒரு எடத்துல லாரிதான் ஓட்டிட்டிருந்த.

வேட்: அதான் விட்டுட்டேனே. இப்ப உள்ளூர்ல தீவன மில்லு, அஞ்சு மணிக்கு வீடு… சரி, ஆட்டம் ஆரம்பிக்குது. எழுந்து நில்லு.

டார்லா: முதல் பந்து கூடையில விழற வரைக்கும் எல்லாரும் நிக்கணும், தெரியும். இதுவும் உன் ராசிப் பட்டியல்னு நெனச்சியா? என் அப்பா காலத்துலேர்ந்து இந்த ஊர் பழக்கம்.

வேட்: போடுடா… போடுடா… விழுந்துச்சு! உக்காரு, உக்காரு!

டார்லா: ஏய் ரெஃப்ரி! அது ஃபவுலா? உன் கண்ணாடிய வீட்டுலயா வெச்சிட்டு வந்த?

வேட்: மெதுவா டார்லா. முன் வரிசையில பாதிரியார் உக்காந்திருக்கார்.

டார்லா: அவரும் அதத்தான் கத்தினார்.

வேட்: இந்தா, பாப்கார்ன். இடைவேளை வந்தாச்சு. மூணு பாயிண்ட் பின்னால இருக்கோம்.

டார்லா: மேரிடன் காலேஜ் பசங்க ஒவ்வொருத்தனும் பனைமரம் மாதிரி நிக்கறான். எப்படித்தான் ஜெயிக்கறது?

வேட்: ஜெயிப்பாங்க. போன வருஷம் எட்டு காலேஜுல எட்டாவதா வந்த பசங்க. இப்ப பாரு, ஊரே மூச்சப் புடிச்சிட்டு உக்காந்திருக்கு.

டார்லா: ஜெயிச்சாலும் தோத்தாலும் இன்னைக்கோட முடிஞ்சுது.

வேட்: ம்.

டார்லா: ட்ரேவருக்கும் இதான் கடைசி. மே மாசம் பட்டம் வாங்கிட்டுக் கெளம்பிடுவான்.

வேட்: நீயும் கெளம்பிடுவ. உன் அக்கா ஜோலீன் சொன்னா… ஃப்ளோரிடால மாடி ரூம் காலியா இருக்காமே.

டார்லா: கடல் தெரியுமாம். பனி கொட்டாதாம்.

வேட்: நல்ல எடம்தான்.

டார்லா: நல்ல எடம்தான்.

வேட்: அங்க பாஸ்கெட்பால்லாம் ஒழுங்கா ஆடமாட்டானுங்க.

டார்லா: அதச் சொல்லித்தான் என்னப் போக விடாம பண்ணப் போறியா?

வேட்: நான் எங்க தடுத்தேன்? பாப்கார்ன் சாப்பிடு.

டார்லா: தெரியுமா… நம்ம சீட்ட எவனோ வாங்கிட்டானாம்.

வேட்: எந்த சீட்டு?

டார்லா: இதான். ஏழாம் வரிசை, எட்டு, ஒன்பது. அடுத்த சீசன் டிக்கெட் திங்கக்கிழமை குடுக்க ஆரம்பிச்சாங்கள்ல? மொத ஆளாப் போய் வாங்கிட்டானாம்.

வேட்: அப்படியா… யாரு சொன்னா?

டார்லா: யாரோ… கடையில பேசிக்கிட்டாங்க. போன வருஷம் சும்மா குடுத்தாக்கூட ஒருத்தனும் வரமாட்டான். இப்ப பசங்க ஜெயிச்சதும் மூக்குல வேர்த்துடுச்சு. நாசமாப்போறவன்.

வேட்: பாவம், யாரோ ஆசைப்பட்டு…

டார்லா: என்ன பாவம்? நாம நாலு மாசம் உக்காந்து சூடு பண்ணி வெச்ச பலகை இது. அவன் இடுப்பு புடிச்சுக்கணும்.

வேட்: புடிச்சுக்கும், புடிச்சுக்கும். இந்தப் பலகையில யார் உக்காந்தாலும் இடுப்பு புடிக்கும்.

டார்லா: உனக்குக் கொஞ்சம்கூடக் கோவம் வரல?

வேட்: …டார்லா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது.

டார்லா: அது நீ சொல்றதப் பொறுத்தது.

வேட்: ஜனவரில தோத்தாங்கள்ல… ட்ரேவர் பந்து வளையத்துல சுத்தி வெளிய விழுந்துச்சு. அரங்கமே தலையில கை வெச்சுட்டு நின்னுது.

டார்லா: ஆமா. குழந்த அழுதுட்டான் அன்னைக்கு.

வேட்: எனக்கு சந்தோஷமா இருந்துச்சு.

டார்லா: என்ன?

வேட்: பெத்த அப்பன்… நல்லவேள தோத்தோம்னு நெனச்சேன். அடுத்த ஆட்டத்துக்கு நீ இங்க வந்துதானே ஆகணும். திட்டு. பரவாயில்ல.

டார்லா: ஃபில் அன்னைக்கு என்கிட்ட என்ன கேட்டான் தெரியுமா? ஆட்டம் முடிய ரெண்டு நிமிஷம் இருக்கு. "இன்னும் எத்தன கோல் அடிக்கணும்"ங்கறான்.

வேட்: கோலா?

டார்லா: கோல்.

வேட்: பாஸ்கெட்பாலே மூச்சா இருக்கற இந்தியானால பொறந்தவன் கேக்கற கேள்வியா இது! பல்லு புடுங்க லைசன்ஸ் யாரு குடுத்தா அவனுக்கு?

டார்லா: அங்க உக்காந்து எதிர்ப்பக்கம் பாத்தேன். நீ தனியா, இந்த அசிங்கமான ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு, பக்கத்துல கோட்ட வெச்சு எடம் புடிச்சிட்டு… மூணு பேர் வந்து கேட்டாங்க. மூணு பேரையும் விரட்டின.

வேட்: நாலு பேர்.

டார்லா: ஆட்டம் ஆரம்பிக்குது. நேராப் பாரு.

வேட்: ரெண்டாம் பாதியும் முடியப் போகுது. எவ்வளவு நேரம் இருக்கு? எனக்கு அந்த ஸ்கோர் பலக தெரியல.

டார்லா: நாலு செகண்ட். நாம ஒரு பாயிண்ட் கம்மி. ஃபவுல் குடுத்துட்டான். ட்ரேவருக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காம எறியலாம்.

வேட்: ஐயோ… அவனா? ஜனவரில மாதிரியே…

டார்லா: வாய மூடு. கையக் குடு.

வேட்: என்னது?

டார்லா: கையக் குடுன்னேன்! எல்லா அப்பா அம்மாவும் கை கோத்து நிக்கறாங்க பாரு. நாம மட்டும் நிக்காம… ம். கெட்டியாப் புடி.

வேட்: உன் கை சில்லுன்னு இருக்கு.

டார்லா: பேசாத. பந்தத் தட்டறான்… மூணு தடவ… ஏசுவே…

வேட்: விழுந்துச்சு! சமம்!

டார்லா: இன்னொண்ணு இருக்கு. கத்தாத. கைய விடாத.

வேட்: விடல.

டார்லா: காதத் தொட்டான்…

வேட்: நானும் பாத்தேன்.

டார்லா: போடு கண்ணா… போடு…

வேட்: விழுந்துச்சு! டார்லா! விழுந்துச்சு!

டார்லா: அவனுங்க பந்து எங்க? எறிஞ்சானா? தாண்டிப் போச்சா?

வேட்: செவுத்துல போய் அடிச்சுது! ஜெயிச்சாச்சு! இருபத்தாறு! என் புள்ளடா அது… என் புள்ள!

டார்லா: நம்ம புள்ள.

வேட்: நம்ம புள்ள. அழாத… நீ அழுதா எனக்கும்…

டார்லா: நீ எப்பவோ ஆரம்பிச்சிட்ட. மூஞ்சியத் தொட.

வேட்: எப்படித் தொடைக்கறது? ஒரு கை உன்கிட்ட இருக்கு.

டார்லா: …ரெஃப்ரி இன்னும் கடிகாரத்தச் சரிபாத்துட்டிருக்கான். அவன் சொல்ற வரைக்கும் விடக்கூடாது.

வேட்: சரி.

டார்லா: சொல்லிட்டானா?

வேட்: அப்பவே சொல்லிட்டான்.

டார்லா: …ஓ. சரி. ஏணி கொண்டு வர்றாங்க பாரு. ஜெயிச்சவங்க வழக்கப்படி கூடை வலைய வெட்டப் போறாங்க.

வேட்: ஒவ்வொருத்தனும் ஏறி ஒரு கயிறு. கடைசி வருஷத்துப் பசங்க மொதல்ல… அந்தா, நம்ம ஆளு ஏறறான்.

டார்லா: பாத்துடா! ஏணி ஆடுது! கத்தரிக்கோல ஒழுங்காப் புடி!

வேட்: இவ்வளவு சத்தத்துல அவனுக்கு எப்படிக் கேக்கும்?

டார்லா: கேட்டுருச்சு. சிரிக்கறான் பாரு. இங்கதான் வர்றான்.

ட்ரேவர்: அம்மா! அப்பா!

டார்லா: வா கண்ணா… ஐயோ, தெப்பலா நனஞ்சிருக்க. சாப்பிட்டியா?

ட்ரேவர்: அம்மா, கோப்பை ஜெயிச்சிருக்கோம்!

டார்லா: சாப்பிட்டியான்னுதானே கேட்டேன்.

ட்ரேவர்: அப்பா, நீ ஏன் இப்படி அழற? இந்தா, இது வலைக் கயிறு. ஒருத்தனுக்கு ஒரு துண்டுதான் குடுத்தாங்க. வழக்கமா அம்மாகிட்ட குடுப்பாங்க… ஆனா இந்த வருஷம் எல்லா ஆட்டத்துக்கும் ரெண்டு பேரும்தானே வந்தீங்க.

வேட்: அம்மாகிட்டயே குடுடா. அவதான் உன்ன வளத்தா.

டார்லா: இல்ல, அப்பா வெச்சுக்கட்டும். எனக்குப் பெட்டியில எடமில்ல.

ட்ரேவர்: என்னையே லீவுல பாதி பாதியாப் பங்கு போட்டீங்கள்ல? ஒரு கயிறப் பங்கு போட முடியாதா? பாத்துக்கோங்க. என்னக் கூப்பிடறாங்க, போறேன்.

டார்லா: …பாரு, எப்படிப் பேசறான்.

வேட்: உன் வாய்.

டார்லா: அரங்கம் காலியாகுது வேட். கோட்ட எடுத்துக்கோ.

வேட்: ம்.

டார்லா: எந்திரிக்க மாட்டியா?

வேட்: எந்திரிச்சா சீசன் முடிஞ்சிடும்.

டார்லா: அதான் முடிஞ்சிருச்சே.

வேட்: டார்லா… அந்த நாசமாப்போறவன் நான்தான்.

டார்லா: எந்த…

வேட்: எட்டு, ஒன்பது. இந்தா, பாரு டிக்கெட்டு. திங்கக்கிழமை டிக்கெட் ஜன்னல் தெறக்கறதுக்கு முன்னாடியே போய் நின்னேன். இடுப்பு புடிக்கட்டும்னு சொன்னியே, நின்னதுலயே புடிச்சிருச்சு.

டார்லா: ட்ரேவர் இல்லாத டீமுக்கு எதுக்கு ரெண்டு சீட்டு உனக்கு?

வேட்: ஒண்ணு எனக்கு. இன்னொண்ணுல கோட்ட வெச்சுப்பேன். யாராவது கேட்டா, ஆள் வருதுன்னு சொல்வேன். நீ அங்க கடலப் பாத்துட்டிருப்ப… இருந்துட்டுப் போ. எனக்கு அந்த ராசியிலல்லாம் ஒருநாளும் நம்பிக்கை கெடையாது டார்லா. பக்கத்துல வந்து உக்காருன்னு உன்கிட்ட கேக்க எனக்கு வேற வழி தெரியல. அவ்வளவுதான். லாரியில பத்து வருஷம், பக்கத்து சீட்டு காலியாத்தான் இருந்துச்சு. அப்பவே கேட்டிருக்கணும்.

டார்லா: கடையில யாரும் எதுவும் பேசல வேட். ஜோலீனுக்கு போன் பண்ணி வரலன்னு சொல்லிட்டு, திங்கக்கிழமை நேரா அந்த ஜன்னலுக்குத்தான் போனேன்… "எட்டு, ஒன்பது ரெண்டும் இப்பதாம்மா போச்சு"ன்னாங்க.