தாண்டவராய ஆசாரி கடலில் போட்ட கதவு

ரொம்பக் காலத்துக்கு முன்னே, உங்கள் தாத்தாவின் அப்பாவுக்கு மீசை அரும்பாத காலத்தில், பாலாற்றுக்குத் தெற்கே காட்டுவேலம்பட்டு என்ற ஊரில் தாண்டவராய ஆசாரி என்று ஒருவர் இருந்தாராம். அவர் செய்த கதவு அடைமழையிலும் இறுகாதாம். பேச்சு குறைவு. ஆனால் ஒரு வேலையில் குறை கண்ணில் பட்டுவிட்டால், அதைச் சரிசெய்கிறவரை அவருக்குச் சோறு இறங்காது. அந்தக் குணம்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது, கேளுங்கள்.

அப்போது இரண்டாவது பெரிய சண்டை வந்தது. தச்சு தெரிந்தவன், கொல்லு தெரிந்தவன் எல்லாரும் பட்டாளத்துக்கு வேண்டும் என்றார்கள். ஆசாரியும் போனார். கையில் ஒற்றைப் பட்டை தைத்துக் கொடுத்தார்கள். பத்துப் பேருக்கு அவர் தலைவர் என்று அதற்கு அர்த்தம். பிறகு பம்பாயில் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றினார்கள்.

கப்பல் என்றால் சாதாரணக் கப்பலா? முன்பு வெள்ளைக்காரச் சீமான்கள் குடும்பத்தோடு சீமைக்குப் போய்வந்த கப்பலாம். மூன்று புகைபோக்கி. நடனம் ஆட ஒரு மண்டபம், குளிக்க ஒரு குளம். சண்டை வந்ததும் கண்ணாடி விளக்கையெல்லாம் கழற்றிவிட்டு, சாம்பல் நிறம் பூசி, சிப்பாய்களை அடைத்தார்கள். ஆயிரம் பேர் போன கப்பலில் ஐயாயிரம் பேர். அதிகாரிகளுக்கும் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் மேலே அறை. நம் ஆட்களுக்கு அடிவயிற்றில், சாமான் போட்டுவைத்த ஐந்து கூடங்கள். கூடத்துக்கு நானூறு பேர். சாப்பிடுகிற மேசைக்கு மேலேயே தூளி கட்டித் தூக்கம். அவசரத்தில் பலகை அடைத்து, ஒவ்வொரு கூடத்துக்கும் ஒரே ஒரு கதவு வைத்திருந்தார்கள். அந்தக் கதவைத் தாண்டினால்தான் மேலே ஏறும் படிக்கட்டு.

ஆசாரி மூட்டையைக்கூட இறக்கவில்லை. கதவை ஆட்டிப் பார்த்தார். அது உள்பக்கமாகத் திறந்தது.

"எந்தப் புண்ணியவான் வேலை இது?" என்றாராம்.

கப்பல் கிளம்பிய மறுநாள் சங்கு ஊதினார்கள். கப்பலுக்கு ஆபத்து என்றால் எல்லாரும் மேலே ஓடி, படகுப் பக்கம் நிற்க வேண்டும். அதற்கு ஒத்திகை. நானூறு பேரும் எழுந்து ஓடினார்கள். முன்னால் நின்றவன் கதவைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். பின்னால் வருகிறவன் அவனைக் கதவோடு சேர்த்து நெருக்குகிறான். கதவு எப்படித் திறக்கும்? "பின்னால போங்கடா! பின்னால போங்கடா!" என்று கத்தினார்கள். கடைசியில் நின்றவனுக்கு அது கேட்டதா? கேட்கவில்லை. ஒருவனுக்கு இரண்டு விரல் நசுங்கியது.

ஆசாரி நேராக ஹவில்தார் ஏகாம்பரத்திடம் போனார். ஏகாம்பரம் ஆரணிக்காரர், நல்ல மனுஷன்.

"அண்ணா, கீலைக் கழட்டி மறுபக்கம் வெச்சா கதவு வெளியே தொறக்கும். அரை மணி வேலை. நானே செஞ்சிடறேன்."

"இன்னாய்யா பேசற? கப்பல் கப்பல்காரனோடது. அதுல ஒரு ஆணிகூட நம்மளோடது இல்ல. ஜமேதாரைக் கேளு."

ஜமேதார் ரங்கையாவிடம் போனார். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "எழுதிக் குடு" என்றார். ஆசாரி எழுதிக் கொடுத்தார். காகிதம் மேலே போனது. இரண்டு நாள் கழித்து ஜமேதாரே பதில் கொண்டுவந்தார்.

"துரை சொல்லிட்டாரு. வரிசையா வந்தா கதவு தொறக்கும்."

"தண்ணி உள்ள வந்தா எவன் சார் வரிசையில நிப்பான்?"

"பட்டாளத்தான் நிப்பான்" என்று சொல்லிவிட்டு ஜமேதார் போய்விட்டார்.

கப்பலுக்கென்று ஒரு வெள்ளைக்காரத் தச்சன் இருந்தானாம். ஆசாரி அவனைத் தேடிப்பிடித்து, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கதவை வரைந்து காட்டினார். தச்சனுக்குத் தச்சன் பாஷை புரியாதா? புரிந்தது. தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு, மடித்து வைத்திருந்த பெரிய வரைபடத்தை விரித்து, அதில் குத்தியிருந்த முத்திரையைத் தட்டிக் காட்டினான். முத்திரை குத்தியாகிவிட்டது, இனி யாரும் கை வைக்கக்கூடாது என்று அர்த்தம். ஆசாரிக்கு அவன் சுத்தியலைப் பிடுங்கி அவன் தலையிலேயே போடலாம் போல் இருந்ததாம்.

அடுத்த ஒத்திகை. ஆசாரி ஜமேதாரைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூடத்துக்குள் கூட்டிவந்தார். "நீங்களே முன்னால நின்னு தொறங்க சார், பாக்கலாம்." சங்கு ஊதியது. நானூறு பேர். ஜமேதாரின் மூக்கு பலகையில் அப்பிக்கொண்டது. தலைப்பாகை எங்கே போனதென்றே தெரியவில்லை. ஒருவழியாக வெளியே வந்ததும், 'அடடா, ஆசாரி சொன்னது சரிதான்' என்றா சொன்னார்? இல்லை. "ஒழுக்கம் கெட்ட கூட்டம்! நாளையிலேர்ந்து தெனம் ரெண்டு தடவை வரிசையா நிக்கிற பயிற்சி!" என்றார். அன்றைக்குக் கூடத்தில் எல்லாரும் ஆசாரியைத்தான் வைதார்கள்.

"உன் வாயாலதான்யா இந்த இம்சை. கதவு எப்படித் தொறந்தா உனக்கின்னா?"

ஆசாரிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் எல்லாரும் மேலே பயிற்சிக்குப் போயிருந்தபோது, கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். மத்தியானமே வெள்ளைக்காரத் தச்சன் வந்து, இருந்தபடியே மாட்டிவிட்டுப் போனான். உள்பக்கமாகத்தான். அதுவும் நாலு திருகாணி கூடப் போட்டு.

அடுத்த நாள் ஆசாரி மறுபடி கழற்றினார். இந்தத் தடவை சாய்க்கவில்லை. தலையில் சும்மாடு வைத்து, கதவைத் தூக்கிக்கொண்டு படியேறினார். ஆசாரி கதவைத் தூக்கிக்கொண்டு போனால் யாராவது ஏன் என்று கேட்பார்களா? யாரோ சொல்லித்தான் போகிறான் என்று வழிவிட்டார்கள். ஒரு வெள்ளைக்கார மாலுமி வளைவில் ஒரு கை பிடித்துக்கூட விட்டானாம். ஆசாரி மேல்தளத்து ஓரத்துக்குப் போனார். கதவைக் கடலில் போட்டார். திரும்பி இறங்கி, அடுத்த கூடத்துக் கதவைக் கழற்ற ஆரம்பித்தார்.

அதைத் தூக்கிக்கொண்டு பாதிப் படி ஏறும்போது பிடித்துவிட்டார்கள்.

கப்பலிலிருந்து ஒரு காகிதத்தைக்கூடக் கடலில் போடக்கூடாது என்பது சண்டைக்காலச் சட்டம். மிதக்கிற குப்பையைப் பார்த்தே எதிரியின் நீர்மூழ்கி வழி கண்டுபிடித்துவிடுமாம். "எதிரிக்கு வழி காட்டினியா?" என்று விசாரித்தார்கள். ஆசாரி, "கதவு உள்ள தொறக்குது" என்றார். எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். பட்டையை அறுத்தார்கள். சூயஸ் போய்ச் சேரும்வரை இருட்டறை.

சரி, கப்பலுக்கு ஏதாவது ஆயிற்றா? ஒன்றும் ஆகவில்லை. ஒரு மீன்கூட வந்து இடிக்கவில்லை. இறங்கும்போது ஏகாம்பரம் சொன்னாராம்: "பாத்தியா தாண்டவராயா, கதவு இருந்தாலும் இப்படியேதான் எறங்கியிருப்போம். ஒரு பட்டை போச்சேய்யா."

சண்டை முடிந்து ஊருக்கு வந்தார். கதை அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. "கதவைத் தொலைச்ச ஆசாரி" என்று பேர் வைத்துவிட்டார்கள். கதவு செய்ய ஒருத்தரும் கூப்பிடவில்லை. "அவர்கிட்டக் குடுத்தா ஏரியில போட்டுட்டு வந்துடுவாரு" என்று சிரித்தார்கள். ஏரும் கட்டில்காலும் செய்து பிழைத்தார். அவர் பெண்சாதி செங்கேணிக்கே சந்தேகம். "ஏங்க, நெசமாவே அது அவ்ளோ பெரிய விஷயமா?" என்பாளாம். அவர் எழுந்து வெளியே போய்விடுவாராம்.

ஆறு வருஷம் போனது. ஒரு நாள் திண்டுக்கல் பக்கத்திலிருந்து மரியசூசை என்று ஒருவர் ஊருக்கு வந்தார். பட்டாளத்துச் சட்டை, ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடை. "கப்பல் கதவைக் கடல்ல போட்ட தச்சர் வீடு எது?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே பாதி ஊர் அவர் பின்னால் வந்தது.

மரியசூசை ஆசாரியைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு அடுத்த பயணத்துல அதே கப்பல்ல நான் போனேங்க. உங்க கூடத்துலதான் எனக்கு இடம். ஏன் கதவு இல்லேன்னு கேட்டோம். எவனோ கிறுக்கன் புடுங்கிப் போட்டான், புதுசு இன்னும் வரலேன்னாங்க. ஏழாம் நாள் குண்டு விழுந்து தீப்புடிச்சிருச்சு. வெளக்கு போச்சு. ஒரே புகை. நாங்க நானூறு பேரும் ஓடினோம். குறுக்கே எதுவும் இல்ல. அத்தனை பேரும் மேல வந்துட்டோங்க."

கூட்டத்தில் சிரிப்பு நின்றது. எல்லாரும் ஆசாரி முகத்தைப் பார்த்தார்கள். இனிமேலாவது மனுஷன் சந்தோஷப்படுவார் என்று நினைத்தார்கள்.

ஆசாரி, "மத்த நாலு கூடம்?" என்று கேட்டார்.

"அங்க கதவு தொறக்கலேங்க" என்று மரியசூசை பிடித்திருந்த கையை விட்டார்.

"ரெண்டாவது கூடத்துக் கதவு?"

"அதைத் திரும்ப மாட்டிட்டாங்கண்ணே. உள்பக்கமா."

ஆசாரி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாராம். "பாதிப் படி ஏறிட்டேன்யா" என்றார். "பாதிப் படி ஏறிட்டேன்." வந்தவருக்குச் சோறு போடச் சொல்லிவிட்டு, உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனார். யாரையும் கேட்கவில்லை. எழுதிக் கொடுக்கவில்லை. கதவின் கீலைக் கழற்ற ஆரம்பித்தார். ஊர் நாட்டாமை ஓடிவந்து, "தாண்டவராயா, வெளியே தொறந்தா நடையில போறவன் மூக்கு ஒடையும்யா" என்றார்.

"ஒடையட்டும்" என்றார் ஆசாரி. "மூக்குக்குக் கட்டுப் போடலாம்."

நாட்டாமை குனிந்து கதவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

காட்டுவேலம்பட்டுக்குப் போனால் இப்போதும் பார்க்கலாம் என்பார்கள். பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், கல்யாணக் கூடம், வீடு, எல்லாக் கதவும் வெளிப்பக்கம்தான் திறக்கும். புதுவீடு புகும்போது அங்கே ஒரு வழக்கம் உண்டு. வந்தவர்கள் எல்லாரையும் உள்ளே நெருக்கி நிறுத்திக் கதவைச் சாத்துவார்கள். இருக்கிறவர்களில் நோஞ்சானான ஆளைக் கதவுப்பக்கம் விடுவார்கள். அந்த ஆள் தள்ளி, கதவு திறந்து, எல்லாரும் வெளியே வந்த பிறகுதான் அடுப்பில் பால் வைப்பார்கள். அந்தச் சடங்குக்குப் பெயர் "ஆசாரி கேட்டது." திறக்கவில்லை என்றால் நல்ல நேரம் போனாலும் போகட்டும் என்று காத்திருப்பார்கள், தச்சனைக் கூப்பிட்டுக் கீலைத் திருப்பும்வரை.