எஸ்தரின் பெயர் இருந்த கொப்பி

"படுங்கோ! விழுந்து படுங்கோ!"

யாரோ ஒரு ஆண் கத்துகிறார். நாங்கள் படுக்கவில்லை. படுக்க இடமில்லை. மணல் பாதை முழுக்கச் சனம். செவ்வாய்க்கிழமை. காலை பத்தேமுக்கால். அப்பாவின் கைக்கடிகாரம் என் கையில் இருந்தது, அதனால் நேரம் தெரியும். தூரத்தில் ஷெல் குத்தும் சத்தம். டுப். டுப். டுப். மூன்று. குத்திய பிறகு அது வந்து விழ வழக்கமாகப் பன்னிரண்டு வரை எண்ணலாம். அன்று ஒன்பதுடன் முடிந்தது.

அம்மா முன்னால் போகிறார். தலையில் பாத்திர மூட்டை. என் இடக்கையில் தங்கச்சி எஸ்தரின் கை. அவளுக்குப் பதினைந்து வயது. எனக்குப் பத்தொன்பது. பிடி இறுக்கமாக இருக்கிறது, கை நோகிறது என்று வழி முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டு வருகிறாள். முதல் ஷெல் வலப்பக்கம் விழுந்தது. இரண்டாவது கடலுக்குள். மூன்றாவது கூவிக்கொண்டு வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மிகக் கிட்ட விழுவது அப்படித்தான்.

இந்த இடத்தில் நான் எப்போதும் நிறுத்திவிடுவேன். யார் கேட்டாலும். அம்மாவிடமும் இங்கேதான் நிறுத்தினேன். பின்னேரம் நாலு மணிக்கு, ஒரு தறப்பாள் கொட்டிலுக்குப் பக்கத்தில் அம்மாவைக் கண்டேன். எஸ்தர் எங்கே என்று கேட்டார். சனத்தோடு ஓடிவிட்டாள், முன்னுக்குப் போயிருப்பாள் என்றேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. அப்பா கஞ்சி வரிசையில் செத்து அன்று ஒன்பதாம் நாள். இன்னொன்றைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

பிறகு முகாம். பிறகு கொழும்பு. பிறகு கல்யாணம், லண்டன். அம்மா நாலு வருடம் கழித்து வந்து சேர்ந்தார். இப்போது ஹரோவில் ஒரே வீட்டில் இருக்கிறோம். எஸ்தர் காணாமல் போனவள். எத்தனையோ விண்ணப்பங்களில் அப்படித்தான் எழுதினேன். நானே எழுதினேன், தெரிந்துகொண்டே. அம்மா பக்கத்தில் இருந்து கையெழுத்து வைத்தார்.

இனி, அப்பாவின் பத்திரங்கள் போய்ச் சேர்ந்த பெட்டியின் கதை.

அப்பா எதற்கும் முன்னேற்பாடு செய்கிற மனிதர். போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த காலத்தில் வீட்டிலிருந்த மூலப் பத்திரங்கள் அத்தனையையும் ஒரு பழுப்பு உறையில் போட்டு ஜெர்மனிக்கு, தன் அண்ணனிடம் அனுப்பிவிட்டார். பிறப்புச் சான்றிதழ்கள், ஞானஸ்நானச் சான்றிதழ்கள், காணி உறுதி, ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்று. இங்கே எரிந்தாலும் அங்கே இருக்கும் என்றார். அவர் சொன்னது சரி. இங்கே எல்லாம் எரிந்தது.

பெரியப்பா ஜெர்மனியின் ஒரு சின்ன நகரத்தில் தமிழ்ச் சபைச் சங்கத்தின் செயலாளர். ஜெர்மன்காரர் மூன்று பேர் கூடினாலும் சங்கம் பதிவார்கள் என்பார்கள். நம் ஆட்கள் அதை நன்றாகப் பழகிக்கொண்டார்கள். கூட்டக் குறிப்பு, உறுப்பினர் பட்டியல், எல்லாவற்றுக்கும் ஒரு கோப்பு. அவற்றோடு ஒரு ஜெபக் கொப்பி. ஊரில் அகப்பட்டிருக்கிற உறவினர்களின் பெயர்கள் அதில் இருந்தன. ஞாயிறுதோறும் பெரியப்பா வாசிப்பார். சபை எழுந்து நின்று, இவர்களைக் காப்பாற்றும் ஆண்டவரே என்று கேட்கும்.

எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. அவர்களுக்காக நன்றி மட்டும் சொல்லலாம். ஆகவே ஒருவர் இறந்தால் பெரியப்பா அந்தப் பெயரைச் சிவப்பு மையால் வெட்டுவார். கொப்பியைத் திருப்பிப் பின்பக்கத்தில் நித்திரையடைந்தோர் என்ற தலைப்பின் கீழ் எழுதுவார். கேள்விப்பட்டேன் என்ற கதை அவரிடம் எடுபடாது. சொந்த இரத்தம் ஒன்று தன் வாயால் அறிவிக்க வேண்டும். அதுவரை வெட்டமாட்டார்.

யுத்தம் முடிந்தது. பிள்ளைகளின் இங்கிலீஷ் படிப்புக்கென்று ஒவ்வொரு குடும்பமாக லண்டனுக்குப் பெயர்ந்தது. பெரியப்பா அங்கேயே காலமானார். சங்கம் கலைந்தது. அவர்கள் கூடிய மண்டபம் ஒரு ஜெர்மன் தேவாலயத்துடையது. அலுமாரியில் கிடந்ததை எறிய அவர்களுக்கு மனம் வரவில்லை. மூன்று பெட்டிகளில் கட்டித் தங்கள் சபை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பாவின் உறையும் அதற்குள் போய்விட்டது.

இதைக் கண்டுபிடித்தது டேவிட் அண்ணை. பெரியப்பாவின் மகன். ரெய்னர்ஸ் லேனில் கடை வைத்திருக்கிறார். போன மாசி மாதம் என் வேலையிடத்துக்கே வந்துவிட்டார். நான் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். நாள் முழுவதும் மற்றவர்களைப் படிவம் நிரப்பச் சொல்வதுதான் என் வேலை.

"அப்பான்ரை அலுமாரிச் சாமானெல்லாம் காப்பகத்திலை கிடக்குது. அவைக்குத் தமிழ் தெரியாது. ஆருடையதெண்டு தெரியாத குடும்பப் பத்திரங்கள் எண்டு எழுதி வைச்சிருக்கினம். ஒரு படமும் இருக்காம். ரெண்டு சின்னப் பெட்டையளாம்."

எஸ்தரின் படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. அவளுடைய மூக்கு எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. கூடப் பிறந்தவளின் முகத்தை மறந்தவள் என்று சொல்ல வெட்கம்.

எழுதிக் கேட்டோம். காப்பகத்துப் பெண்மணி மரியாதையாகப் பதில் எழுதினார். அங்கே மரியாதைக்குக் குறைவில்லை, நிபந்தனைக்கும் குறைவில்லை. முதலில் உறவை நிரூபிக்க வேண்டும். அப்பாவின் கடைசிப் பெயர் அவருடைய அப்பாவின் பெயர். எஸ்தருடையது அப்பாவின் பெயர். என்னுடையது கணவரின் பெயர். ஒரு வீடு, மூன்று கடைசிப் பெயர். இவர்கள் எப்படி ஒரு குடும்பம் என்று அந்தப் பெண்மணி கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கான அத்தாட்சி அவர் கையிலிருந்த பெட்டிக்குள் இருந்தது. டேவிட் அண்ணை நாலு கடிதம் எழுதி வம்சாவளி வரைந்து அனுப்பி ஒருமாதிரிச் சமாளித்தார்.

அடுத்து ஒரு படிவம். சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருந்தால் அவரே கையெழுத்திட்டுக் கேட்க வேண்டும். இறந்தவர் என்றால் நெருங்கிய உறவினர் கேட்கலாம். இறந்த திகதி, இடம், அதை அறிந்தவர் யார் என்று எழுத வேண்டும். இரண்டே கட்டங்கள். காணாமல் போனவருக்குக் கட்டம் இல்லை.

படிவத்தை இரண்டு கிழமை கைப்பையில் கொண்டு திரிந்தேன். கட்டத்தில் புள்ளடி போட்டால் படம் வரும். படம் வந்தால் அம்மாவிடம் காட்ட வேண்டும். எப்படி வந்தது என்று அம்மா கேட்பார். போடாவிட்டால் எஸ்தரின் முகம் அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அம்மாவுக்கு எழுபது வயது. சுகமில்லாத இதயம். பொய் சொல்லியே அவரைக் காப்பாற்றி வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மதிய இடைவேளையில், நோயாளிகள் இருக்கும் கதிரையில் போய் இருந்து நிரப்பினேன். இறந்தவர் என்ற கட்டத்தில் புள்ளடி. திகதி. இடம். அறிந்தவர் யார் என்பதற்கு நேரே என் பெயர். எப்படி அறிவீர் என்று கேட்டிருந்தது. நான் அவளுடைய கையைப் பிடித்திருந்தேன் என்று எழுதினேன். டேவிட் அண்ணை அதை ஜெர்மனில் மாற்றும்போது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மாமிக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

சொல்லிப் போட்டுத் திருத்தினார். "சித்திக்குத் தெரியுமோ?" கடையில் வருகிற எல்லோரையும் மாமி என்று கூப்பிட்டுப் பழக்கம்.

"தெரியாது. சொல்லிப்போடாதேங்கோ அண்ணை."

மூன்று கிழமை கழித்துப் பிரதிகள் வந்தன. சனிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. டேவிட் அண்ணை தாள்களைக் கடை மேசையில் பரப்பினார். படத்தில் நாங்கள் நாலு பேர். எஸ்தருக்கு ஏழு வயது இருக்கும். ஆடாதே என்று ஸ்டூடியோக்காரர் சொல்லியிருப்பார். அவள் ஆடியிருக்கிறாள். ஒரு பின்னல் கலங்கலாக விழுந்திருக்கிறது. முகம் தெளிவு. மூக்கு அப்பாவின் மூக்கு. நான் வாய்விட்டு அழுதேன். மிளகாய்த்தூள் வாங்க வந்த ஒருவர் வாங்காமலே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அண்ணை இன்னொரு தாளை நகர்த்தினார். தன் அப்பாவின் எழுத்தைப் பார்க்கும் ஆசையில் கடைசி ஜெபக் கொப்பியையும் கேட்டு எடுப்பித்திருந்தார்.

"இதை ஒருக்காப் பார்."

முன்பக்கப் பட்டியலில் அப்பாவின் பெயரும் எஸ்தரின் பெயரும் சிவப்பு மையால் வெட்டியிருந்தன. பின்பக்கத்தில், நித்திரையடைந்தோர். அப்பா. அவருக்குக் கீழே எஸ்தர். பக்கத்தில் பெரியப்பாவின் குண்டு குண்டான எழுத்து: தாயார் முகாமிலிருந்து தொலைபேசியில் அறிவித்தார்.

முகாமில் தொலைபேசிக்கு அம்மா வரிசையில் நின்ற நாள் எனக்கு நினைவு இருக்கிறது. உதவி கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா குசினியில் முருங்கைக்காய் சீவிக்கொண்டிருந்தார். படத்தை வைத்தேன். கண்ணாடியைப் போட்டார். விரலால் எஸ்தரின் முகத்தைத் தடவினார். அழவில்லை. பிறகு கொப்பித் தாளை வைத்தேன்.

"அத்தான்ரை எழுத்து," என்றார். பெரியப்பாவை அவர் அத்தான் என்றுதான் சொல்வார்.

"நீங்களோ அறிவிச்சனீங்கள்?"

"ஓம்."

"எப்பிடித் தெரியும் உங்களுக்கு?"

"உன்ரை சட்டை முழுக்க இரத்தம். உனக்கு ஒரு காயமும் இல்லை. தோய்ச்சது நான்தானே, பிள்ளை."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"அங்கை சனம் எழும்பி நிண்டு அவளைக் காப்பாத்தச் சொல்லிக் கேக்குது. செத்த பிள்ளைக்கு. அதை விட்டுக்கொண்டிருக்க ஏலாது. அத்தானிட்டைச் சொல்லிப்போட்டன்."

"என்னட்டை ஏன் கேக்கேல்லை?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அப்போதுதான் உறைத்தது. இந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்கு முன் அம்மா ஜெபிப்பார். என் பெயர், கணவர் பெயர், டேவிட் அண்ணையின் பிள்ளைகள்வரை எல்லாப் பெயரும் வரும். எஸ்தரின் பெயர் ஒரு நாளும் வந்ததில்லை. தாங்க முடியாமல் விடுகிறார் என்று நினைத்திருந்தேன். ஒரு தடவையாவது யோசித்திருக்கலாம். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. அம்மாவின் மேலும் வந்தது. இன்னும் முழுதாகப் போகவில்லை.

"அவளை எங்கை விட்டனீ?" என்று கேட்டார்.

சொன்னேன். நிறுத்தாமல் சொன்னேன். கை என் கையில் இருக்கிறது. இழுக்கிறேன், பாரமாக இருக்கிறது. திரும்பிப் பார்க்கிறேன். கழுத்தில் பட்டிருக்கிறது. மடியில் போடுகிறேன். கண் திறந்திருக்கிறது. ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடிகாரத்தில் பத்து ஐம்பத்திரண்டு. பாதையின் இடப்பக்கம் யாரோ வெட்டி விட்டுப்போன பங்கர். அதற்குள் கிடத்தினேன். என் தாவணியால் முகத்தை மூடினேன். கையால் மணல் தள்ளினேன். முழுதாக மூட முடியவில்லை. கால் இரண்டும் தெரிந்தன. மறுபடி குத்தும் சத்தம் கேட்டது. ஓடினேன்.

"கண்ணை மூடிவிட்டனியோ?"

"ஓம் அம்மா."

"அது காணும்," என்றார். அதன் பிறகுதான் அழுதார்.

காப்பகத்துப் பெண்மணி ஒன்று கேட்டிருக்கிறார். பின்னால் இந்தப் பெட்டியைத் திறப்பவர்களுக்கு, இந்தப் பத்திரங்கள் யாருடையவை என்று ஒருவர் எழுதித் தர முடியுமா என்று. அதற்காகவே இதை எழுதினேன். தமிழிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மா வாசித்துப் பார்த்தார். ஒரு திருத்தம் சொன்னார். அன்று அப்பா செத்து ஒன்பதாம் நாள் அல்ல, பத்தாம் நாள் என்றார். நாங்கள் இருவரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். முடிவு வரவில்லை. நான் எழுதியதை மாற்றவில்லை, அவர் சொன்னதையும் சேர்த்துவிட்டேன்.

இழந்தவற்றின் கணக்கு இது. கல்வீடு ஒன்று, கூரையோடு. அப்பாவின் ஆர்மோனியம். இரண்டு சைக்கிள்கள். ஆடு மூன்று, அவிழ்த்துவிட்டு வந்தோம். படங்கள் அத்தனையும், ஒன்றைத் தவிர. காணி உறுதி பெட்டியில் இருக்கிறது, காணிக்குள் போக இராணுவம் விடாது. எஸ்தர் கிடக்கிற பங்கர் எது என்று இனி யாராலும் காட்ட முடியாது. அம்மாவும் நானும் ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் மறைந்து அழுத வருடங்கள், நான் லண்டனில் அவரை வரவேற்ற நாளிலிருந்து படம் வந்த நாள்வரை.

எங்கள் வீட்டில் இறந்தவர்கள் இரண்டு பேர். அப்பா, எஸ்தர். காணாமல் போனவர் எவரும் இல்லை.