சாம்பல் கிளியின் எடை

அன்று காலை பதினொரு மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். என் மனைவி, என் மகள், அவளை மணக்கவிருந்த பையன், அவனுடைய அம்மா, கல்யாண உடுப்புக்கு அளவெடுக்க வந்த தையல்காரம்மா, நான். கிளியும் இருந்தது. அதை ஆள் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பேசியது அதுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பெல்லட் தீவனம் நல்லது. கிளி வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் சூரியகாந்தி விதையைப் போட்டே வளர்க்கிறார்கள். அதில் கொழுப்பு அதிகம், ஈரல் கெடும். பெல்லட்டில் தானியம், பயறு, காய், சத்துப்பொடி எல்லாவற்றையும் அரைத்து ஒரே உருண்டையாக்கியிருக்கிறார்கள். பிடித்ததைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதைக் கீழே தள்ளும் வேலை நடக்காது. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் கிளி சாம்பல் நிறம், சிவப்பு வால். மகள் பத்து வருடமாக வளர்த்தாள். இந்த வகைக் கிளி சொல்லை மட்டும் பிடிப்பதில்லை, சொன்னவரின் குரலையே பிடித்துவிடும். என் மனைவியின் குரலில் அது என்னைக் கூப்பிட்டு நான் மாடியிலிருந்து இறங்கி வந்த நாட்கள் உண்டு. அதன் இறகிலிருந்து மாவு போல ஒரு தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். கூண்டு இருக்கும் அறையில் காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் கோடு போடலாம்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தபோது மகள் அதை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனாள். நானும் உடன் போனேன். டாக்டரம்மா அதைத் தராசில் நிற்கவைத்துவிட்டுச் சிரித்தார். "சார், நீங்க கிளி வளர்க்கல, தலையணை வளர்க்கறீங்க. ஐந்நூத்தி இருபது கிராம்."

பெல்லட்டுக்கு மாற்றும் முறையையும் அவரே சொன்னார். "ஒரே நாள்ல மாத்திடாதீங்க. விதையோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து வைங்க, வாராவாரம் கூட்டுங்க. பெல்லட்டை இது தீனின்னே நம்பாது. விதையை அடியோட நிறுத்தினா பட்டினி கிடந்து செத்தாலும் சாகும், அதைத் தொடாது. தினமும் காலைல எடை போடுங்க. நானூத்தி எழுபதுக்குக் கீழ போச்சுன்னா உடனே பழைய தீனிக்குத் திரும்பிடணும். இன்னொண்ணு, கிண்ணம் காலியா இருக்குன்னு ஏமாந்துடாதீங்க. கடிச்சுப் பொடியாக்கித் தண்ணில போட்டுடும், பார்த்தா தின்ன மாதிரியே இருக்கும். தராசை மட்டும் நம்புங்க."

தராசை நம்பும்படி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்தோரு வருடம் எடை அளவை ஆய்வாளராக இருந்தவன் நான். கடைகடையாகப் போய் எடைக்கற்களைச் சோதித்தவன். ஒரு கல் அரை கிராம் குறைந்தாலும் முத்திரை வைக்க மறுத்திருக்கிறேன். என் அப்பாவும் அதே அலுவலகத்தில் இருந்தவர். எங்கள் வீட்டைப் பார்த்து இந்தத் தெருவில் யாரும் விரல் நீட்டியதில்லை. என் தம்பியை வைத்து மட்டும் நீட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும், கிளியின் தீவனத்தை இனி நான் கவனித்துக்கொள்கிறேன் என்றேன்.

"உங்களுக்கு அதைக் கண்டாலே ஆகாதே, இது என்ன புதுசா?" என்றாள் மனைவி.

"உங்க ரெண்டு பேருக்கும் கல்யாண வேலை தலைக்கு மேல கிடக்கு. இதையாவது நான் பாக்கறேன்."

மகள் என் தோளில் சாய்ந்து, "தேங்க்ஸ்ப்பா" என்றாள். அவள் அப்படிச் சாய்ந்து பல வருடங்கள் ஆகியிருந்தன.

மூன்று கடை ஏறி இறங்கினேன். சாயம் போட்டது, சர்க்கரை சேர்த்தது, தேதி நெருங்கியது என்று ஒவ்வொன்றாகத் தள்ளினேன். அலகுக்குத் தக்க அளவில், பழுப்பு நிறத்தில், அலங்காரம் எதுவும் இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். டாக்டரம்மாவே போனில் பாராட்டினார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் காலை விதையை அடியோடு நிறுத்தினேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். என் தம்பி எங்கள் வீட்டுப் பின்னறையில் இறந்துபோய் அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. இதயம் நின்றுவிட்டது என்று எங்கள் குடும்ப டாக்டர் எழுதிக்கொடுத்தார். அவன் இறந்து ஒரு மாதம் கழித்துக் கிளி கூண்டுக் கம்பியை அலகால் தட்டத் தொடங்கியது. மூன்று தட்டு, ஒரு இடைவெளி, இரண்டு தட்டு. அடுத்த வாரம் "அண்ணா" என்றது. தம்பியின் குரல், பிசிறு தட்டாமல்.

மகள் ஓடிவந்து அழுதாள். "சித்தப்பாம்மா! அப்படியே சித்தப்பாதான்!" மனைவியும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் பத்து நாளில் "அண்ணா, திறங்க" என்றது. வாசல் கேட்டில் நின்று அவன் அப்படித்தான் கூப்பிடுவான் என்று மனைவி சொன்னாள். ஆமாம் என்றேன்.

அவர்களுக்கு அது ஒரு ஞாபகம். எனக்கு அப்படியில்லை. அந்தப் பேச்சில் இன்னும் எத்தனை வாக்கியம் மிச்சம் என்பது எனக்குத் தெரியும். வாரம் போகப் போக ஒவ்வொரு சொல்லாகக் கூடியது. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. செய்தித்தாளை எடுப்பேன், தலைப்பைக்கூடப் படிக்காமல் மடித்துவைப்பேன். கூடத்துக்கும் பின்னறைக்கும் இடையில் நடந்துகொண்டே இருப்பேன். சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய்க் கூண்டின் மேல் துணியைப் போடுவேன். துணிக்கு உள்ளிருந்தும் தட்டும். "என்னங்க, காலில சக்கரம் கட்டியிருக்கா?" என்பாள் மனைவி. கல்யாணக் கவலை என்று அவளே காரணமும் சொல்லிக்கொள்வாள்.

தினமும் காலையில் கிளியைத் தராசில் வைத்தேன். ஐந்நூற்று ஐந்து என்று காட்டியபோது ஐந்நூற்றுப் பதினெட்டு என்றேன். நானூற்று எண்பது என்று காட்டியபோது ஐந்நூற்றுப் பதினைந்து என்றேன். பெல்லட்டை விரலால் பொடித்துத் தண்ணீரில் போட்டேன், கொஞ்சத்தைக் குப்பையில் கொட்டினேன். மகள் கிண்ணத்தைப் பார்த்து மகிழ்ந்தாள். என் வாழ்நாளில் நான் பொய் எடை சொன்னது அந்த ஆறு நாள்தான். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நான் ஒன்றை எதிர்பார்க்கவில்லை. பசித்தால் பிராணிகள் சுருண்டு கிடக்கும் என்று எண்ணியிருந்தேன். கிளி அப்படியில்லை. பேசினால் தீனி கிடைக்கும் என்று பத்து வருடமாகப் பழகியிருந்தது. பசிக்கப் பசிக்கத் தனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசிப் பார்த்தது.

இனி அந்த நாளைச் சொல்லவேண்டும். பையனும் அவன் அம்மாவும் முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வந்த நாள். என் தம்பி ஒரு அடிதடியில் ஆறு மாதம் சிறையில் இருந்தவன். வெளிநாட்டில் வேலை செய்கிறான் என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். அவர்கள் வர அரை மணி நேரம் இருந்தபோது கையில் ஒரு பொம்மைப் பெட்டியோடு பின்வாசல் வழியாக வந்து நின்றான். மனைவியும் மகளும் மாடியில் உடுத்திக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம பாப்பாவைப் பாக்க வராங்களாமே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அவளுக்கு இருபத்தாறு வயசானா என்ன, எனக்கு அவ பொம்மை கேட்ட பாப்பாதான்."

"அவங்க போனப்புறம் கூப்பிடறேன். அதுவரைக்கும் பின்னறைல இரு" என்றேன்.

கிளியை ஏற்கெனவே அங்கே வைத்திருந்தேன். தம்பி அதற்குச் சில கெட்ட வார்த்தைகள் கற்றுக்கொடுத்திருந்தான், விருந்தினர் முன்னால் அதை வைக்க முடியாது. அவன் கூண்டைப் பார்த்துச் சிரித்தான். "சரிண்ணா. வாயை அடக்கத் தெரியாத ரெண்டு பேரையும் ஒண்ணாப் போட்டுட்டீங்க."

அவனுக்குச் சிறுவயது முதல் மூச்சிழுப்பு உண்டு. கிளியின் தூள் அவனுக்கு ஆகாது. கூண்டுக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் நின்றாலே இருமுவான். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சத்தம் வெளியே வரக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தியிருந்தேன். அவன் மேல்சட்டையைக் கூடத்து நாற்காலியில் கழற்றிப் போட்டிருந்தான். யாருடையது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது. அதை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இன்ஹேலர் அந்தச் சட்டைப் பையில்தான் இருந்தது. பின்னறைக் கதவையும் வெளியிலிருந்து தாழிட்டேன். அவன் சொன்ன சொல்லில் நிற்பவனல்ல.

அவர்கள் ஒன்றரை மணி நேரம் இருந்தார்கள். பையனின் அம்மா கலகலப்பானவர். அவர் சிரித்தால் படிப்படியாக மேலே ஏறி, உச்சியில் ஒரு சின்ன விக்கலோடு முடியும். அன்று நிறையச் சிரித்தார். சம்பந்தம் முடிவானது.

அவர்கள் போனபின் கதவைத் திறந்தேன். மேல்சட்டையை அவன் பக்கத்தில் வைத்தேன். பிறகு மனைவியைக் கூப்பிட்டேன். பின்வாசல் வழியாக எப்போது வந்து படுத்தானோ தெரியவில்லை என்றேன்.

இப்போது ஆறாம் நாள் காலைக்கு வருகிறேன். பையனின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தது அது இரண்டாவது தடவை. தையல்காரம்மா மகளின் தோளுக்கு நாடா பிடித்துக்கொண்டிருந்தார். நான் பின்னறையில் அடைத்திருந்த கூண்டை மகள்தான் கூடத்துக்குத் தூக்கிவந்திருந்தாள். "விடியக்காலையிலேருந்து கத்துதுப்பா. ஏதோ கேக்குது" என்றாள்.

கிளி கம்பியைத் தட்டியது. மூன்று, பிறகு இரண்டு.

"அண்ணா, கதவைத் திறங்க. மூச்சு வரலண்ணா."

பிறகு என் குரல் கேட்டது. "கொஞ்சம் பொறு. அவங்க போகட்டும்."

"அட, சம்பந்தி, உங்களை மாதிரியே பேசுதே!" என்றார் பையனின் அம்மா.

கிளி தலையைச் சாய்த்தது. சிரித்தது. படிப்படியாக ஏறி, உச்சியில் ஒரு விக்கலோடு முடிந்தது அந்தச் சிரிப்பு. அது அடங்கியதும், துளை விழுந்த குழாயில் காற்றுப் போவது போல மெல்லிய ஒரு சத்தம் இழுத்து இழுத்து வந்தது. அதையும் கிளி விடவில்லை.

பையனின் அம்மா தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "நான் போன தடவை வந்தப்ப இந்தக் கிளியை நான் பாக்கவே இல்லையே" என்றார், மிகவும் மெதுவாக.

மகள் நாடாவோடு அப்படியே நின்றாள். "அப்பா, 'அவங்க'ன்னா யாரு?"

அவள் சமையலறைக்குப் போய்த் தராசை எடுத்துவந்தாள். கூண்டைத் திறந்து கிளியை அதில் நிற்கவைத்தாள். நிற்க முடியாமல் அது ஒரு பக்கம் சாய்ந்தது. நானூற்றுப் பத்து.

"நேத்து ஐந்நூத்திப் பத்துன்னீங்க."

அந்த எண்ணைக் கேட்டதும் நான் தலை குனிந்தேன். அவளோ நான் வேறு எதற்கோ குனிந்ததாக எடுத்துக்கொண்டாள். கிளியைத் தன் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு பையனோடு வெளியே போனாள். முதலில் டாக்டரம்மாவிடம் போயிருக்கிறாள், பிறகு இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம்.

கல்யாணம் நடக்குமா என்று எனக்குத் தெரியாது. இந்த ஒரு மாதத்தில் கிளி பிழைத்துவிட்டதாம். குழாய் வழியாக ஊட்டி, விதையோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, இப்போது நான் தேர்ந்தெடுத்த அதே பெல்லட்டைத் தின்கிறதாம். நானூற்று எழுபத்தைந்து கிராம், அதற்குச் சரியான எடை. என் தேர்வில் தவறில்லை என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்.

நீங்கள் என்னை ஒரு கொடியவன் போலப் பார்க்கிறீர்கள். நான் தம்பி மேல் கை வைத்ததில்லை, சிறையிலிருந்து வந்தபோது சோறு போட்டவன் நான்தான். ஒரு பெண்ணின் வாழ்க்கைக்காக அவனை ஒன்றரை மணி நேரம் சும்மா இருக்கச் சொன்னேன். குடும்பத்துக்காக அவன் செய்திருக்கக்கூடிய ஒரே காரியம் அது.

கடைசியாக ஒன்று. என் மனைவி இரண்டு நாளாக அக்கம்பக்கத்தில் ஒன்று சொல்லிவருகிறாளாம், தையல்காரம்மா அதைத் தெருவெல்லாம் கொண்டுபோயிருக்கிறார். எனக்குக் காது மந்தமாம். தட்டிய சத்தம் மட்டும் கேட்டு, பொறு என்று சொல்லிவிட்டேனாம். மூச்சு வரவில்லை என்று தம்பி சொன்னது என் காதில் விழுந்திருக்காதாம். அவள் என்னைக் காப்பாற்ற நினைக்கிறாள். ஆனால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அப்படி ஒரு குறை இருந்ததில்லை, எனக்கும் இல்லை. நீங்கள் எந்த டாக்டரை வேண்டுமானாலும் வைத்துச் சோதிக்கலாம். மூச்சு வரவில்லை என்று அவன் நான்கு முறை சொன்னான். நான்காவது முறைக்குத்தான் நான் பதில் சொன்னேன்.