கழுத்து மூட்டு யார் வேலை

என் பட்டறையில் எப்போதும் இரண்டு சோப்பு இருக்கும், மேடம். கறுப்பு எண்ணெய் போக ஒன்று, அதற்குப் பிறகு கைக்கு ஒன்று. செங்கம் ரோட்டில் வேறு எந்த மெக்கானிக்கின் நகத்தையும் என் நகத்தோடு வைத்துப் பாருங்கள், தெரியும். நான் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும் என்பதால் இதை முதலில் சொல்கிறேன். இராமலிங்கம், வயது ஐம்பத்துமூன்று, பழைய மோட்டார் சைக்கிள்களின் பிரேம் வேலை என்று எழுதிக்கொண்டீர்கள். யாரும் என்னை ஸ்டேஷனுக்கு இழுத்து வரவில்லை, நானாகவே வந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாறன் பதினேழு வருடம் என் கூட்டாளி. பாக்கு மென்று பட்டறை மூலையில் துப்புவான். அந்தச் சுவர் இடுப்பு உயரத்துக்குச் சிவப்பாகவே இருக்கும். நான் அந்தப் பக்கம் திரும்பாமலே வேலை செய்யப் பழகிக்கொண்டேன். அவன் வைக்கிற வெல்டு காக்கை எச்சம் போல மேடும் பள்ளமுமாக இருக்கும். உடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பார்த்தால் குமட்டும்.

ஏப்ரலில் பிரசாத் வந்தார். பெங்களூர்க்காரர், ஆசிரமம் பக்கத்தில் ரூம் எடுத்து மாதக்கணக்கில் தங்குகிறவர். புதுச்சேரியில் ஒரு குடோனில் கிடைத்தது என்று ஒரு வண்டியைக் கொண்டுவந்து இறக்கினார்.

“இது எந்தக் கம்பெனி பிரேம்னு யாராலயும் சொல்ல முடியலங்க. நம்பரே இல்ல. நீங்க பாத்துச் சொல்லுங்க. ஓடற மாதிரியும் பண்ணிக் குடுங்க.”

மூன்று நாள் சுரண்டினேன். ஏழு பூச்சு பெயிண்ட். நம்பர் இருந்த இடத்தை யாரோ அரம் போட்டுத் தேய்த்திருந்தார்கள். ஆனால் ஹேண்டில்பார் வந்து உட்காருகிற கழுத்து மூட்டின் அடியில், வார்ப்பிலேயே விழுந்த ஒரு சின்ன எழுத்து மிஞ்சியிருந்தது. அதை வைத்துக் கண்டுபிடித்தேன். முன்பாதி ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்தது. பின்பாதியை நம் ஊரில் எவனோ அறுத்துப் போட்டுவிட்டு, வேறு குழாயை வளைத்து வைத்து, தன் ஆசைக்கு வண்டியைத் தாழ்த்தியிருக்கிறான். கழுத்தில் ஒரு விரிசல். அதற்குள் பெயிண்ட்காரர்கள் பூசுகிற பட்டி அடைத்திருந்தது. பட்டிக்குள் துணி, துணிக்குள் கரப்பான் முட்டை. நோண்டி எடுத்தபோது வந்த நாற்றத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்படி வேலை செய்கிறவனை என்ன செய்தாலும் தகும் என்று நினைத்தேன்.

விரிசலைச் சரிசெய்துவிட்டு, மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஓட்டிப் பார்க்க எடுத்தேன். மாறன் வரவில்லை. குடிக்க ஆரம்பித்தால் ஒரு வாரம் அடி அண்ணாமலையில் தன் வீட்டிலேயே கிடப்பான். பௌர்ணமி இல்லாத நாளில், அந்த வெயிலில், கிரிவலப் பாதையில் ஆள் இருக்காது. பிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க நான் எப்போதும் செய்வது ஒன்றுதான். நாற்பதில் போகும்போது இரண்டு கையையும் எடுத்துவிடுவேன். அன்றும் எடுத்தேன். முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி நூல் பிடித்தது போலப் போனது. இடமோ வலமோ கொஞ்சமாவது இழுத்திருந்தால் எல்லம்மாள் பிழைத்திருப்பாள். இழுக்கவில்லை.

அப்போது அவள் பெயர் எனக்குத் தெரியாது. சாணிக் கூடையோடு ரோட்டைக் கடந்த ஒரு வயதான பெண், அவ்வளவுதான்.

நான் ஓரத்து மண்ணில் விழுந்தேன். எழுந்து முதலில் பிரேமைப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே முன்குழாய் உள்ளே போயிருந்தது. என்ஜின் முழுக்கச் சாணி, சூட்டில் அது வேகிற நாற்றம். அதற்குப் பிறகுதான் அவளைப் பார்த்தேன். உயிர் இருந்தது. ஒரு கால் போகக்கூடாத பக்கம் மடங்கியிருந்தது. வாயில் வெற்றிலைச் சாறும் ரத்தமும், எது எதுவென்று தெரியவில்லை.

“தூக்கி வுடுப்பா,” என்றாள். “தண்ணி குடுப்பா கொஞ்சம்.”

சொல்லிக்கொண்டே என் கணுக்காலைப் பிடித்தாள். சாணி அள்ளிய கை. அந்த ஈரம் பேண்ட் துணியைத் தாண்டித் தோலில் பட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கையால் தொட முடியாததால், பாக்கெட்டில் இருந்த ஸ்பேனரால் அவள் விரல்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். வண்டிப் பையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது. அதில் என் காலைக் கழுவிக்கொண்டேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் உயிரோடு கிடந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நூற்றெட்டுக்குப் போன் செய்திருக்கலாம்தான். செய்தால், வருகிறவரை பக்கத்திலேயே நிற்கச் சொல்வார்கள். அந்த நாற்றத்தில் என்னால் நிற்க முடியாது, மேடம்.

பட்டறைக்கு வந்து ஷட்டரை இறக்கினேன். ஹெட்லைட் வளையத்தில் நரைத்த முடி சிக்கியிருந்தது, இடுக்கியால் எடுத்துப் போட்டேன். வளையத்தில் ஒரு துண்டு உடைந்து விழுந்திருந்ததை அப்போது கவனிக்கவில்லை. நசுங்கிய குழாயை அறுத்து எடுத்து, அதே தடிமனில் வேறு குழாய் கடைந்து, உள்ளே ஒரு சின்னக் குழாயைச் செருகி, கழுத்து மூட்டோடு பித்தளை ஊற்றிச் சேர்த்தேன். அரம் படாமலே பித்தளை மெல்லிசாக ஓடிச் சுற்றி வந்து நின்றது. முப்பது வருடத்தில் அப்படி ஒரு மூட்டு என் கையில் அமைந்ததில்லை. பழைய பெயிண்ட் நிறத்தையே கலந்து அடித்தேன். மொத்தம் மூன்று நாள். அந்த மூன்று நாளும் நான் நன்றாகத் தூங்கினேன்.

பதினோராம் நாள் அந்த உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு நீங்கள் பட்டறைக்கு வந்தீர்கள். யார் ஓட்டியது என்று கேட்டீர்கள்.

“மாறன்தாங்க,” என்றேன். “அந்த வழியாத்தான் வூட்டுக்குப் போவான்.”

நீங்கள் நம்பியதைக் குறை சொல்லமாட்டேன். நீங்கள் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் மூலையில் போய்த் துப்பிவிட்டு வந்தான். நீங்கள் முகத்தைச் சுளித்தீர்கள். பிரேமில் அடிபட்ட தடமே இல்லையே என்று கேட்டதும் நான்தான் காட்டிக்கொடுத்தேன். ஸ்பேனரால் குழாயைத் தட்டிக்கொண்டே வந்து, கழுத்துக்குக் கீழே சத்தம் மந்தமாவதைக் கேட்கச் சொன்னேன். யார் கை வேலை என்றீர்கள். மாறன் கை என்றேன். இந்த ஊரில் பிரேமை அடையாளம் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. என் பேச்சு அப்படியே ரிப்போர்ட்டில் ஏறியது, மாறனைக் கைதுசெய்தீர்கள்.

அவன் மனைவி நந்தினி ஒருமுறை வந்தாள்.

“ண்ணா, அன்னிக்கு அவரு எழுந்து ஒக்காரக்கூட முடியாம கெடந்தாரு. நான்தான் வாந்திய வாரிக் கொட்டினேன். இன்னொருவாட்டி நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணா.”

“பாத்துட்டுத்தாம்மா சொன்னேன். வெல்டுன்றது கையெழுத்து மாதிரி. மாத்த முடியாது.”

எழுந்து போய்விட்டாள். போன பிறகு அவள் உட்கார்ந்த ஸ்டூலைத் துடைத்து வைத்தேன். வாந்தி என்று அவள் சொன்னது சாயங்காலம்வரை காதிலேயே இருந்தது.

மாறன் எழுபது நாள் கழித்து ஜாமீனில் வந்தான். நியாயமாக அத்தோடு அவன் பிழைப்பு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பிரசாத் கோர்ட்டில் எழுதிக்கொடுத்து வண்டியை மீட்டு, பழைய வண்டிக்காரர்கள் கூடுகிற இடத்துக்குக் கொண்டுபோனார். ஒட்டு எங்கே இருக்கிறது என்று அங்கே ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லையாம். யார் வேலை என்று கேட்டிருக்கிறார்கள். போலீஸ் ரிப்போர்ட்டிலேயே மாறன் பெயர் இருக்கிறதே. இப்போது அடி அண்ணாமலையில் அவன் வீட்டு வாசலில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த பிரேம்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த ஒட்டைத் தான் வைக்கவில்லை என்று அவன் எல்லாரிடமும் சொல்லத்தான் செய்கிறான். கேஸ் நடப்பதால் அப்படிச் சொல்கிறான் என்று அவர்களே சிரித்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் பிரசாத் என் பட்டறைக்கே வந்து சொன்னார்: “ஆளு எப்படியோ இருக்கட்டுங்க. கையப் பாருங்க! இத்தினி வருஷம் கூட இருந்தீங்க, கொஞ்சம் கத்துக்கிட்டிருக்கலாமே நீங்க.”

அவர் போனதும் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். பாக்கு எச்சில் வழிகிற அந்த வாயையும், என் மூட்டையும் ஒன்றாகச் சேர்த்து நினைத்தாலே இப்போதும் குமட்டுகிறது.

எழுதியதை உங்கள் ஏட்டு படித்துக் காட்டினார். ஒரே ஒரு திருத்தம். “வெல்டிங் செய்து மறைத்தேன்” என்று போட்டிருக்கிறார். வெல்டிங் இல்லை, பித்தளை ஊற்றிச் சேர்த்தது. அந்த வரியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பெயிண்டைச் சுரண்டிக் காட்டவும் தயாராக இருக்கிறேன், விஷயம் தெரிந்த யாரையாவது கூப்பிடுங்கள். எல்லம்மாளைப் பற்றி ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டீர்கள். இல்லை. அவளை இடித்ததும், தண்ணீர் கொடுக்காமல் விட்டு வந்ததும் நான்தான். அதெல்லாம் சரியாகவே இருக்கிறது.

இத்தனை நாள் கழித்து ஏன் வந்தாய் என்றீர்கள். மனசாட்சி என்று போட்டுக்கொள்ளுங்கள். ஒருவன் செய்ததற்கு இன்னொருவன் பெயர் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. அந்த அளவுக்கு ஈரமில்லாதவன் இல்லை, மேடம், நான்.